நெல்லறிஞர் இராமையா

விதையின் சிறப்பு

காவிரி பாய்ந்து வளமூட்டும் தஞ்சைத் தரணியைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று வழங்குவர். கல்லணையைக் கடந்த ஆறு பல கிளைகளாகப் பிரிகிறது. கிளைகளினின்று வாய்க்கால்கள் தோன்றுகின்றன. வாய்க்கால் நீர் மடைகளின் வழியே வயலினுள் புகுகிறது. நீர், மண், உழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுகூடி நெல்லை விளைவிக்கின்றன என்று நாம் எண்ணுகிறோம். இம்மூன்றனோடு நான்காவதாக ஒன்றும் வேண்டும். அதுவே விதை.

நீர் நிறைந்திருப்பினும், எரு மிகுந்திருப்பினும், விதை நலமில்லையாயின் விளைவு சிறவாது. நோய்க்கு இரையாகும் விதையை நட்டவன் பதரையே அறுப்பான். குறுகிய இழையுடைய பருத்தியை விதைத்தவன் முரட்டு நூலுக்குரிய பஞ்சையே பெறுவான். ஆகவே, விதையைச் சீர்திருத்துவோர் உழவனுடைய உழைப்புக்கு உரிய பயனைத் தேடித் தருவோர் ஆவர். அத்தகையோருள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர் கிருஷ்ணசாமி இராமையா. உணவுக்கு நெல், உடைக்குப் பருத்தி என்னும் இருபெரும் பயிர்களிலும் ஆராய்ச்சி நிகழ்த்திய தமிழர் அவர்.

பிறப்பும் கல்வியும்

இராமையா 1892ஆம் ஆண்டில் கீழக்கரையில் பிறந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ளது அவ்வூர். ஏரி குளங்களையும் வானத்தையும் நம்பி வாழும் வறண்ட மாவட்டம் அது. நெற்பயிரின் அருமையை நீர்வளம் மிக்க நாட்டாரினும் இத்தகைய நாட்டார் நன்குணர்வர்.

அந்நாளில் வேளாண்மையைக் கல்லூரியில் கற்கவேண்டும் என்னும் எண்ணம் பலருக்கு உண்டாகவில்லை. உழவு என்பது தந்தையிடம் மகன் கற்கும் தொழில் என்றே கருதினர். இராமையாவோ கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியை நாடிச் சென்று பயின்றார். பின்னாளில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்றார். அங்குதான் பிபென் என்னும் பேராசிரியர், மெண்டல் கண்ட மரபு விதிகளைக் கோதுமையில் பயன்படுத்தி, துருநோயைத் தாங்கும் வகைகளை உண்டாக்கியிருந்தார்.

மெண்டல் என்பவர் ஐரோப்பாவில் வாழ்ந்த துறவி. பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று சேர்த்து, அவற்றின் பண்புகள் வழிவழியாக எவ்வாறு இறங்குகின்றன என்பதை ஆராய்ந்தார். அவர் 1865ஆம் ஆண்டில் அறிவித்த உண்மைகளை உலகம் 1900ஆம் ஆண்டில்தான் உணர்ந்தது. அவ்வுண்மைகள் நெல்லுக்கும் பொருந்துமா என்று காண்பதே இராமையாவின் இளமைக்காலப் பணியாயிற்று.

கோவையில் நெல் ஆராய்ச்சி

கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டில் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அதன் தலைவராய் விளங்கியவர் பார்னெல் என்னும் ஆங்கிலேயர். அரசாங்கத்தின் பொருளியல் தாவரவியலார் என்பது அவர் வகித்த பதவி. இராமையா அவர்கீழ்ப் பணியாற்றினார்.

அந்நாளில் உழவர்கள் வைத்திருந்த விதை பெரும்பாலும் கலப்பு விதையாக இருந்தது. ஒரே வயலில் நெட்டையும் குட்டையும், முந்திப் பழுப்பதும் பிந்திப் பழுப்பதும் விரவிக் கிடந்தன. ஆராய்ச்சியாளர் அவ்வயல்களினூடே நடந்து, சிறந்த செடிகளைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். ஒவ்வொரு செடியின் மணியையும் தனித்தனி வரிசையில் விதைத்து, அதன் வழித்தோன்றல்களை ஆண்டுதோறும் அளந்து குறித்தனர். இதனைத் தனிவழித் தேர்வு என்பர்.

இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்றவற்றுள் ஒன்று, நாட்டு நெல்லிடையே தானாகத் தோன்றிய மாறுபட்ட செடி. அதன் மணி மெல்லியது, அரிசி சுவையுடையது, விளைவும் குறைவற்றது. பொருளியல் தாவரவியலாரின் பதவிப் பெயரிலுள்ள ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஜி.இ.பி. 24 என்று அதற்குப் பெயரிட்டனர். அது 1921ஆம் ஆண்டில் உழவர் கைக்கு வந்தது. கிச்சிலிச் சம்பா என்று மக்கள் அதனை விரும்பி அழைத்தனர். நல்ல அரிசி வேண்டுமாயின் குறைந்த விளைவோடு அமைதல் வேண்டும் என்ற பழைய எண்ணத்தை அந்நெல் மாற்றியது.

பார்னெல் பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று, பருத்தியில் ஆராய்ச்சி நிகழ்த்தினார். இலையில் மயிரடர்ந்த பருத்தியைத் தெரிந்தெடுத்து, தத்துப்பூச்சியின் தொல்லையினின்று அந்நாட்டுப் பருத்தியைக் காத்தார். இராமையாவும் பின்னொரு நாள் பருத்தியை நாடிச் செல்வார். அதற்குமுன் நெல்லில் அவர் ஆற்றவேண்டிய பெரும்பணி ஒன்று இருந்தது.

தஞ்சையில் குலை நோய்

1919ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டு வயல்களைக் குலை நோய் கடுமையாகத் தாக்கியது. அது காளானால் உண்டாகும் நோய். முதலில் இலைகளில் கண்போன்ற புள்ளிகள் தோன்றும். பின்னர்க் கதிரின் கழுத்துக் கருகும். மேலே செல்லும் சாறு தடைப்பட, மணிகள் பால்பிடியாமல் பதராய்ப் போகும். வயல் பசுமையாய் நிற்கும்; கதிரோ வெறுமையாய் இருக்கும். கடன் வாங்கிப் பயிரிட்ட உழவனுக்கு இதனினும் பெருந்துன்பம் வேறில்லை.

1922ஆம் ஆண்டில் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. காவிரிப் படுகைக்குரிய நெல்வகைகளை அப்படுகையிலேயே ஆராய்வது அதன் நோக்கம். அங்குத் தெரிந்தெடுக்கப்பெற்ற ஆடுதுறை 10 என்னும் நெல் நன்கு விளைந்தது. ஆயினும் குலை நோய்க்கு எளிதில் ஆட்பட்டது. ஆனைக்கொம்பன் என்னும் நாட்டு நெல்லினின்று எடுத்த கோ 4 என்னும் வகையோ அந்நோயைத் தாங்கி நின்றது. ஒன்றில் விளைவு உண்டு, வலிமை இல்லை. மற்றொன்றில் வலிமை உண்டு, அவ்விளைவு இல்லை. இரண்டன் நலங்களையும் ஒரு செடியில் சேர்க்க முடியுமா என்பதே கேள்வி.

தெரிந்தெடுப்பதனால் மட்டும் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. இருவகைகளையும் ஒட்டுச் சேர்த்தல் வேண்டும். நெல்லில் இஃது எளிய வேலையன்று. நெற்பூ மிகச் சிறியது. ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உள்ளமையால், பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். ஆதலின், பூ விரியுமுன்னரே உமியின் நுனியை நறுக்கி, உள்ளிருக்கும் ஆறு மகரந்தத் தாள்களையும் நுண்ணிய இடுக்கியால் ஒன்று விடாமல் அகற்றுதல் வேண்டும். பின்னர், வேறுவகை நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, அயல் மகரந்தம் படாதபடி உறையிட்டு மூடுதல் வேண்டும். இத்தனை பாடுபட்டும் பல பூக்களில் மணி கட்டாது.

மணி கட்டினும் வேலை முடிவதில்லை. முதல் தலைமுறை ஒருபடித்தாய் இருக்கும். இரண்டாம் தலைமுறையிலோ பெற்றோரின் பண்புகள் பலவாறு பிரிந்து கலந்து தோன்றும். நோயும் குறைவிளைவும் ஒருங்கே பெற்ற செடிகளும் அவற்றுள் இருக்கும். இருநலமும் ஒருங்கே வாய்த்த செடிகளும் அரிதாய் இருக்கும். அவ்வரியவற்றைக் கண்டெடுத்து, பண்பு நிலைபெறும்வரை பல பருவங்கள் பயிரிட்டுச் சோதித்தல் வேண்டும். இவ்வாறு ஆடுதுறை 10, கோ 4 ஆகியவற்றின் சேர்க்கையினின்று கோ 25, கோ 26 என்னும் நோய் தாங்கும் நெல்வகைகள் பிறந்தன. சென்னை மாகாணத்தின் நெல் வல்லுநராய் விளங்கிய இராமையா, நம் நாட்டில் நெல்லின் ஒட்டுச் சேர்க்கையை ஒழுங்குபட்ட ஆராய்ச்சியாக வளர்த்தவர் என்று போற்றப்படுகிறார்.

அறிந்ததை அறிஞர்க்கு மட்டும் உரைத்து அவர் அமையவில்லை. சென்னை மாகாணத்து நெல்லைப் பற்றிப் பொதுமக்கள் படித்தற்குரிய கைந்நூல் ஒன்றை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பருத்தி ஆராய்ச்சி

அதே ஆண்டளவில் இராமையா வடக்கே இந்தூருக்குச் சென்றார். மாளவத்தின் கரிசல் நிலத்திடையே அமைந்த நகர் அது. இந்தியப் பருத்தி நடுவண் குழுவின் ஆதரவில், அங்குப் பயிர்த்தொழில் ஆராய்ச்சிக்கழகம் ஒன்று 1924ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வந்தது. அதன் மரபியல் அறிஞராக அவர் அமர்ந்தார். அவருக்கு முன் அவ்விடத்தில் பணியாற்றிய ஹட்சின்சன், உலகப் பருத்தியினங்களை வகைப்படுத்திப் புகழ்பெற்றவர். பயிர்களின் பண்புகளை யாவரும் ஒரேவகையாய் விளங்கிக்கொள்ளும்படி வரையறுத்துக் கூறும் முறைபற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1938ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பருத்தியின் சிக்கலை அறிய, பஞ்சின் இயல்பை அறிதல் வேண்டும். பருத்திக்கொட்டையின் மேல்தோலில் உள்ள நுண்ணறைகள் நீண்டு வளர்ந்து இழைகளாகின்றன. நீண்ட இழை நன்கு முறுக்கேறும். மெல்லிய இழையினின்று மெல்லிய நூல் நூற்கலாம். வலிய இழை ஆலையின் இழுப்பைத் தாங்கும். நீளம், நுண்மை, வலிமை என்னும் இம்மூன்றுமே பஞ்சின் தரத்தை உறுதிசெய்வன. நம் நாட்டுக்கே உரிய கருங்கண்ணி, உப்பம் முதலிய பருத்திகள் வறட்சியைத் தாங்குவன. ஆனால், அவற்றின் இழை குறுகியது. அமெரிக்க இனப் பருத்தியின் இழை நீண்டது. மெல்லிய துணி நெய்ய விரும்பிய ஆலைகள் அயல்நாட்டுப் பஞ்சை எதிர்நோக்கி நிற்கவேண்டியிருந்தது.

இங்கும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. உழவனுக்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. நூறு பலம் பருத்தியில் எத்தனை பலம் பஞ்சு பிரிகிறது என்பதையே அவன் நோக்கினான். முரட்டுப் பஞ்சை மிகுதியாகத் தரும் ரோசியம் என்னும் பருத்தி மத்திய மாகாணங்களில் விரைந்து பரவியதன் காரணம் இதுவே. ஆலை விரும்புவது இழையின் நீளத்தை. உழவனுக்கு வேண்டுவது பஞ்சின் எடை. உழவனைக் குறைகூறிப் பயனில்லை. அவன் குடும்பம் வாழவேண்டும். இழையும் நீண்டு, பஞ்சும் மிகுந்து, விளைவும் குன்றாத பருத்தியை உண்டாக்கித் தருதல் அறிஞர் கடமை. தரத்தை வேண்டுவோர் அத்தரத்தால் உழவனும் பயன்பெறுமாறு செய்யவேண்டும் என்பதைப் பருத்தி நமக்கு உணர்த்துகிறது.

நம் நாட்டுப் பருத்தியையும் அமெரிக்கப் பருத்தியையும் ஒட்டுச் சேர்ப்பதும் எளிதன்று. நாட்டுப் பருத்தியின் உயிரணுவில் 26 குரோமோசோம்கள் உள்ளன; அமெரிக்கப் பருத்தியில் 52 உள்ளன. இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் செடியில் 39 இருக்கும். அவை இணை இணையாய்ப் பொருந்தாமையால் அச்செடி மலடாகும். மேலும், நெல்லைப்போலன்றிப் பருத்திப் பூவைத் தேனீக்கள் நாடி வருகின்றன. அவை அயல் மகரந்தத்தைச் சுமந்து வந்து தூய விதையைக் கெடுத்துவிடும். ஆகவே, தூய வழியைக் காக்க ஒவ்வொரு மொட்டையும் விரியுமுன்னரே கட்டி வைத்தல் வேண்டும்.

இழையின் நீளம், பஞ்சின் அளவு போன்ற பண்புகள் ஒரே மரபுக் கூற்றால் அமைவன அல்ல. பல கூறுகள் சேர்ந்து அவற்றை ஆக்குகின்றன. மண்ணும் மழையும்கூட அவற்றை மாற்றுகின்றன. ஒரு செடி சிறந்து விளங்குவது பிறவி நலத்தாலா, நல்ல நிலத்தில் நின்றமையாலா என்று கண்ணால் கண்டு சொல்ல இயலாது. எனவே, ஒரே வகையை வயலின் பல இடங்களில் விதைத்து, விளைவுகளைக் கணக்கியல் முறையால் ஒப்பிட்டனர். புள்ளியியலில் பெயர்பெற்ற பான்சேயும் இந்தூரில் பணியாற்றியவர். அளந்து பாராமல் எதையும் முடிவு செய்யலாகாது என்னும் ஒழுங்கு அங்கு வேரூன்றியது.

கட்டாக்கில் நெல் ஆராய்ச்சி நிறுவனம்

1943ஆம் ஆண்டில் வங்காளத்தைக் கொடிய பஞ்சம் பற்றியது. போரின் விளைவாகப் பருமாவிலிருந்து அரிசி வருவது நின்றிருந்தது. முந்திய ஆண்டுப் பயிரைப் புயலும் நோயும் கெடுத்திருந்தன. இருந்த உணவும் ஏழைகளுக்கு எட்டவில்லை. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். நெல்லாராய்ச்சி நாடு முழுவதற்கும் பொதுவாக நடைபெறுதல் வேண்டும் என்பதை அப்பேரிடர் உணர்த்தியது. இன்றைய ஒடிசாவில் உள்ள கட்டாக்கில் 1946ஆம் ஆண்டில் நடுவண் நெல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் பொறுப்பு இராமையாவிடம் ஒப்படைக்கப்பெற்றது.

நெல்லில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. நம் நாட்டிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் விளைவது இண்டிகா. சப்பானிலும் அதனை அடுத்த குளிர்நாடுகளிலும் விளைவது சப்பானிகா. இண்டிகா வெப்பத்தையும் நோயையும் பெரிதும் தாங்கும். ஆனால், எருவை மிகுதியாக இட்டால் நெடிது வளர்ந்து சாய்ந்துவிடும். சப்பானிகாவோ எரு இடும் அளவுக்கு ஏற்ப மிகுதியாக மணி தரும். ஆயினும் நம் வெப்பத்திற்கு ஒவ்வாது. ஆடுதுறை 10ஐயும் கோ 4ஐயும் இணைத்த அதே எண்ணத்தை இராமையா இப்போது உலகளாவிய அளவில் விரித்தார். இருபிரிவு நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் திட்டத்தை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் முன் வைத்தார். 1950ஐ அடுத்த ஆண்டுகளில் அத்திட்டம் கட்டாக்கில் நடைபெற்றது. ஆசிய நாடுகள் தத்தம் நெல்வகைகளை அங்கு அனுப்பின. சேர்க்கையில் பிறந்த விதைகள் மீண்டும் அந்நாடுகளுக்குச் சென்றன. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் தம் இளமையில், 1954ஆம் ஆண்டில், இத்திட்டத்தில் சிலகாலம் பணியாற்றினார்.

இத்திட்டத்தின் செடிகளுள் மிகப் பல, மணி கட்டாத மலட்டுச் செடிகளாய் ஒழிந்தன. உழவர் வயல்வரை சென்று நிலைத்தவை மிகச் சிலவே. ஆயினும், அச்சிலவற்றின் பயன் பெரிதாயிற்று.

காவிரிக் கழனியில்

சப்பானின் நோரின் 10 என்னும் நெல்லும், கோவையில் பிறந்த ஜி.இ.பி. 24உம் சேர்ந்து ஆடுதுறை 27 உண்டாயிற்று. 1960களின் நடுவில் அது தஞ்சை உழவரை அடைந்தது. குறுகிய காலத்தில் முதிர்ந்து, இட்ட உரத்துக்கு ஏற்ப விளைந்தமையால், குறுவைப் பருவத்தில் விரைந்து பரவியது. பின்னர்க் குட்டை நெல்வகைகள் வந்து அதன் இடத்தைப் பிடித்தன.

ஜி.இ.பி. 24இன் வழி அத்துடன் நிற்கவில்லை. அதனைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு டி.கே.எம். 6 என்னும் நெல் பிறந்தது. டி.கே.எம். 6இன் வழியில், பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1969ஆம் ஆண்டில் ஐ.ஆர். 20ஐ வெளியிட்டனர். அந்நெல் பல்லாண்டுகள் காவிரிப் படுகையின் வயல்களில் நின்றது.

கட்டாக்குத் திட்டத்தின் மற்றொரு பயன் மலேசியாவில் விளைந்தது. தைவானின் தைச்சுங் 65 என்னும் நெல்லும் மலாய் நாட்டு நெல் ஒன்றும் சேர்ந்து மசூரி என்னும் வகை தோன்றியது. அது தமிழகத்துக்கு வந்தபோது, அதற்குப் பொன்னி என்று பெயரிட்டனர். பொன்னி என்பது காவிரிக்குரிய பழம்பெயர். கடல் கடந்து வந்த நெல் ஆற்றின் பெயரைத் தாங்கி நம் இல்லங்களில் சோறாகிறது. ஆந்திராப் பொன்னி என்று நாம் வாங்கும் நெல்லிலும் ஜி.இ.பி. 24, மசூரி ஆகிய இரண்டன் வழியும் கலந்திருக்கிறது.

இராமையா ஆராய்ந்த மற்றொரு பயிராகிய பருத்தியும் இப்படுகையில் இடம்பெற்றது. நெல் அறுவடையான தரிசில், கோடையில், குறைந்த நீரைக்கொண்டு பருத்தி பயிரிடும் வழக்கம் திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களில் உண்டு. எம்.சி.யு. 7 என்னும் பருத்தி இத்தகைய தரிசுகளுக்கென்றே தெரிந்தெடுக்கப்பெற்றது. நெல்லும் பருத்தியும் ஒரே வயலில் ஒன்றன்பின் ஒன்றாக விளையும் காட்சியை அங்குக் காணலாம்.

அவர் வாழ்வு காட்டும் நெறி

கட்டாக்குப் பணியை நிறைவேற்றிய பின்னர், இராமையா உணவு வேளாண்மை நிறுவனத்தின் நெல் வல்லுநராய்ப் பல நாட்டார்க்கும் பயன்பட்டார். நெல்லின் இனப்பெருக்கம், மரபியல் ஆகியவை குறித்து அவர் இயற்றிய நூல் 1953ஆம் ஆண்டில் வெளிவந்து, மாணவர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் வழிகாட்டியது. இந்திய அரசு 1957ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும், 1970ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் வழங்கி அவரைச் சிறப்பித்தது. 1968 முதல் 1974 வரை நாடாளுமன்ற மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் அவர் விளங்கினார். 96 ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்து, 1988ஆம் ஆண்டில் மறைந்தார்.

புதிய வகைகள் பரவப் பரவ, பழைய நாட்டு நெல்வகைகள் பல உழவர் வயலினின்று மறைந்தன. இது வருந்தத்தக்கதே. குலை நோயைத் தாங்கும் வலிமையைத் தந்தது ஆனைக்கொம்பன் என்னும் நாட்டு நெல் அன்றோ? நாளை வரும் நோய்க்கு மருந்து எந்த நாட்டு விதையில் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் அறியார். ஆதலின், புதியதை ஆக்குவது போலவே பழையதைப் பேணுவதும் நம் கடமையாகும்.

நெல்லில் ஒரு புதிய வகையை நிலைநிறுத்தப் பல பருவங்கள் வேண்டும். ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தொடர்வார். விளைவை மூன்றாமவர் காண்பார். உண்போரோ அவருள் எவரையும் அறியார். இதனை நன்கறிந்தும் மனந்தளராமல், ஒவ்வொரு பூவாய், ஒவ்வொரு வரிசையாய் ஆராய்ந்தவர் இராமையா. புகழைக் கருதாது, பொறுமையைத் துணைக்கொண்டு, பிறர் பசி தீர்க்கும் பணியில் நிற்பவரின் உழைப்பு விதையைப்போல் மண்ணுள் மறைந்து, பின் பலவாய்ப் பெருகும். மாணவர்கள் எத்துறையில் ஈடுபடினும் இவ்வுண்மையை நெஞ்சிற் கொண்டு உழைப்பார்களாக.